பெரிய தொலைகாட்டிக்குக் கருவி செய்யப் பழகுவது: யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்குபவர்களுக்கு

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் வானியலில் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டால், பெரும்பாலும் தொலைகாட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். 2019 டிசம்பர் 26ஆம் திகதி கங்கணச் சூரிய கிரகணத்தை யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்த பிள்ளைகள் பலர் இப்போது பல்கலைக்கழக வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். தொலைகாட்டி ஒளியைச் சேர்த்து ஓரிடத்தில் குவித்துத் தரும். அந்த ஒளியைப் படமாகவும் நிறமாலையாகவும் பிரித்து அளவீடாக்குவது, அதன் பின்புறம் பூட்டியிருக்கும் கருவி. அந்தக் கருவியை வடிவமைப்பது தனி ஒரு தொழில். அதன் அடிப்படைகள் எல்லாவற்றையும் வீட்டு மேசையில் வைத்தே பழகலாம்.

எதைப் பார்த்துப் பழகுவது? படமும் நிறமாலையும் இரண்டையும் எடுக்கும் கருவி வகை ஒன்று இருக்கிறது. 1984இல் சிலி நாட்டின் லா சியா மலையில் உள்ள 3.6 மீற்றர் தொலைகாட்டிக்கு ஐரோப்பியத் தென் வானாய்வகம் செய்த 'ஈஃபோஸ்க்' இந்த வகைக்கு வழிகாட்டி. லடாக்கில் ஹன்லேயில் உள்ள 2 மீற்றர் தொலைகாட்டியின் 'எச்ஃபோஸ்க்', உத்தரகாண்ட் தேவஸ்தலில் உள்ள 3.6 மீற்றர் தொலைகாட்டியின் 'ஏடிஃபோஸ்க்' எல்லாம் அதே குடும்பம். ஒளி போகும் பாதை எல்லாவற்றிலும் ஒன்றுதான். தொலைகாட்டியின் குவியத்தில் ஒரு பிளவு, அதாவது ஒளி நுழையும் ஒடுங்கிய இடைவெளி. அதற்குப் பின்னால் ஒளியைச் சமாந்தரக் கற்றையாக்கும் வில்லை. சமாந்தரமாக ஓடும் இடத்தில் வடிகட்டிகளும், ஒளியைப் பிரிக்கும் கிரேற்றிங்கும் சக்கரங்களில் பூட்டியிருக்கும். அப்புறம் கமரா வில்லை, கடைசியில் உணரி. பிளவையும் கிரேற்றிங்கையும் பாதையிலிருந்து விலக்கினால் வானத்தின் படம் விழும். உள்ளே தள்ளினால் நிறமாலை விழும். இரவில் புதிதாக ஒரு சுப்பர்நோவா (வெடித்துச் சிதறும் விண்மீன்) தெரிந்தால், படத்தில் அதன் இடத்தைப் பிடித்து, அடுத்த சில நிமிடத்தில் அதன் நிறமாலையையும் எடுத்துவிடலாம்.

நாம் செய்யப்போவது இதே பாதையைக் கொண்ட சிறிய மாதிரி.

முதலில் கேள்வி, பிறகு வில்லை

புதிதாக வருகிறவர்கள் கையில் கிடைத்த வில்லையில் இருந்து தொடங்குகிறார்கள். கருவி செய்பவர்கள் தொடங்குவது, வானத்திடம் கேட்கும் கேள்வியில் இருந்து. சுப்பர்நோவாவின் வகையை அறிவதுதான் கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பொருள் செக்கனுக்கு 10,000 கிலோமீற்றர் அளவில் சிதறி ஓடுகிறது. அந்த வேகத்தில் 589 நனோமீற்றர் நிறமாலைக் கோடு ஒன்று ஏறக்குறைய 20 நனோமீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதைப் பார்க்க ஒரு நனோமீற்றரைப் பிரித்துக் காட்டும் கருவியே தாராளம். ஒரு விண்மீன் தன் துணையைச் சுற்றுவதால் வரும் சிறு வேக மாற்றத்தை அளக்க வேண்டுமென்றால் அதே கருவி உதவாது. ஆகவே கேள்வியை ஒரு வரியில் எழுதி, அதன் கீழ் மூன்று பெறுமானங்களை எழுதுங்கள்: எந்த அலைநீளத்திலிருந்து எதுவரை, எவ்வளவு நுண்மையாகப் பிரிக்க வேண்டும், எவ்வளவு மங்கலான பொருள்.

நம் மாதிரிக்கு நான் எடுக்கும் கேள்வி இது: சிரியஸ் விண்மீனுக்கும் திருவாதிரைக்கும் நிறமாலையில் உள்ள வேறுபாட்டைக் காட்ட வேண்டும்; மேசையில் வைத்துச் சோதிக்கும்போது சோடியத்தின் 589.0, 589.6 நனோமீற்றர்க் கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வீச்சு 400 முதல் 700 நனோமீற்றர். கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்த வரியில் இருந்துதான் பிறக்கின்றன.

ஒளித்துணிக்கைகளை எண்ணுங்கள்

இது அரைப் பக்கக் கணக்கு. ஆனால் இதைச் செய்யாமல் யாரும் ஒரு கருவிக்குப் பணம் கேட்க முடியாது. விண்மீனின் பிரகாசத்தை ஒளிர்வுத்தரம் என்ற எண்ணால் சொல்வார்கள்; எண் கூடக்கூட மங்கல். சுழிய ஒளிர்வுத்தரம் கொண்ட விண்மீனிலிருந்து, பச்சை நிறத்தில், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு, 0.1 நனோமீற்றர் அகலத்துக்கு, செக்கனுக்கு ஏறக்குறைய 1000 ஒளித்துணிக்கைகள் வருகின்றன. இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். 20ஆம் தரப் பொருள் அதைவிடப் பத்துக்கோடி மடங்கு மங்கல். 3.6 மீற்றர் ஆடியின் பரப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் சதுர சென்ரிமீற்றர். பெருக்கிப் பார்த்தால், அவ்வளவு பெரிய ஆடிக்கும் செக்கனுக்கு ஒரே ஒரு துணிக்கை! கருவியும் தொலைகாட்டியும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைக் காப்பாற்றினால், ஒரு மணி நேரத்தில் 720. வானத்தின் சொந்த ஒளியைக் கணக்கில் எடுக்காமலே, இரைச்சலைவிடச் சைகை 27 மடங்குதான் (720இன் வர்க்கமூலம்) மேலே நிற்கும்.

பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு மேற்பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு வில்லைகளுக்குப் பன்னிரண்டு மேற்பரப்பு. மிஞ்சுவது 61 சதவீதம். தெறிப்பைத் தடுக்கும் பூச்சால் இழப்பை 1 சதவீதமாக்கினால் 89 சதவீதம் போய்ச் சேரும். பூச்சுக்கு இவ்வளவு செலவழிப்பது இதற்காகத்தான்.

குவியத்தின் அளவுகோல்

தொலைகாட்டியின் குவியத்தில் வானத்தின் ஒரு வில்செக்கன், அதாவது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு, எத்தனை மைக்ரோமீற்றராக விழுகிறது? 206,265ஐ மில்லிமீற்றரில் உள்ள குவியத்தூரத்தால் பிரித்தால், ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை வில்செக்கன் என்பது வரும். தேவஸ்தல் தொலைகாட்டி எஃப் 9, அதாவது குவியத்தூரம் ஆடியின் விட்டத்தைப்போல 9 மடங்கு, 32.4 மீற்றர் அளவில். அங்கே ஒரு வில்செக்கன் 157 மைக்ரோமீற்றர். உணரியின் பிக்சல் 15 மைக்ரோமீற்றர் என்றால், ஒரு விண்மீன் பத்துப் பிக்சலுக்குமேல் பரந்து வீணாகும். அதனால்தான் ஏடிஃபோஸ்க் போன்ற கருவி கற்றையைச் சுருக்கி, எஃப் 4.3 அளவுக்குக் கொண்டுவருகிறது. அப்போது ஒரு பிக்சல் 0.2 வில்செக்கன், 4096 பிக்சலில் 13.6 கலை (ஒரு கலை 60 வில்செக்கன்) அகலமான வானம் ஒரே படத்தில் அடங்கிவிடும். ஒரே வில்லைத் தொகுதி இப்படி இரண்டு வேலை செய்கிறது.

நமக்கு 20 சென்ரிமீற்றர் எஃப் 5 தொலைகாட்டி கிடைத்தால் குவியத்தூரம் 1000 மில்லிமீற்றர். 3 வில்செக்கனுக்குப் பரந்த விண்மீன் 15 மைக்ரோமீற்றருக்குள் அடங்கும். பிளவு 25 மைக்ரோமீற்றர் போதும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், பெரிய கருவிகளின் முழுத் துன்பமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காற்றின் கலக்கத்தால் விண்மீன் ஒரு வில்செக்கன் அளவுக்குப் பரவுவது சிறிய தொலைகாட்டிக்கும் பெரியதற்கும் பொது. ஆடியின் விட்டம் இரண்டு மடங்கானால், அதே நுண்மையோடு நிறமாலையைப் பிரிக்க, கருவிக்குள் ஓடும் சமாந்தரக் கற்றையும் இரண்டு மடங்கு தடிப்பாக வேண்டும். வில்லை, கிரேற்றிங், சக்கரம், பெட்டி எல்லாம் கூடவே வளரும். நிறை அதைவிட வேகமாக ஏறும். 8 மீற்றர், 10 மீற்றர் தொலைகாட்டிகளின் கருவிகள் ஓர் அறையை நிரப்புவது இதனால்தான்.

வில்லைகளும் கிரேற்றிங்கும்

இனி நம் மேசைக்கு வருவோம். எஃப் 5 கற்றை, 100 மில்லிமீற்றர் குவியத்தூர வில்லையைத் தாண்டும்போது 20 மில்லிமீற்றர் தடிப்பான சமாந்தரக் கற்றையாகும். ஆகவே வில்லையின் விட்டம் 25 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இரு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த நிறப்பிறழ்ச்சியற்ற வில்லை வேண்டும். சாதாரண உருப்பெருக்கி வில்லை நீலத்தை ஓரிடத்திலும் சிவப்பை வேறிடத்திலும் குவிக்கும். பழைய பைனாகுலரின் முன்வில்லையும் உதவும். தூரத்துப் பனையின் விம்பத்தைத் தாளில் விழுத்தி அதன் குவியத்தூரத்தை அளந்து, இங்குள்ள கணக்கை அதற்கேற்ப மாற்றுங்கள்.

கமரா வில்லைக்கு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 புகைப்பட வில்லை மிகப் பொருத்தம். அதன் வாய் 28 மில்லிமீற்றர். 20 மில்லிமீற்றர்க் கற்றை வெட்டுப்படாமல் நுழையும். மில்லிமீற்றருக்கு 600 கோடு உள்ள ஊடுகடத்தும் கிரேற்றிங் எடுத்தால், கோட்டிடைவெளி 1667 நனோமீற்றர். 550 நனோமீற்றர் ஒளி 19.3 பாகையில் விலகும். கமராவை அந்தச் சாய்வில் பூட்டுங்கள். உணரியில் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 31 நனோமீற்றர் விரியும். 300 நனோமீற்றர் வீச்சுக்கு 10 மில்லிமீற்றர் வேண்டும். டிஜிற்றல் எஸ்எல்ஆர் கமராவின் உணரி 22 மில்லிமீற்றருக்குமேல் அகலம், பிரச்சினை இல்லை. பிளவின் விம்பம் பாதியாகச் சுருங்கி 12.5 மைக்ரோமீற்றராக விழும், அது 0.39 நனோமீற்றர். சோடியக் கோடுகளுக்கிடையே 0.6 நனோமீற்றர். பிரியும்! பிளவை 50 மைக்ரோமீற்றராக விட்டிருந்தால் 0.78, இரண்டும் ஒட்டிப்போயிருக்கும். கேள்வியை முதலில் எழுதியதன் பலன் இங்கே தெரிகிறது.

பிளவுக்கு இரண்டு புதிய சவர அலகுகள் போதும். அகலத்தை அளக்க நுணுக்குக்காட்டி தேவையில்லை. 650 நனோமீற்றர்ச் சிவப்பு லேசரைப் பிளவினூடு செலுத்தி 2 மீற்றர் தள்ளியுள்ள சுவரில் பாருங்கள். நடுவிலுள்ள பிரகாசமான பட்டையின் இரு கரை இருளுக்கும் இடைத்தூரம் 52 மில்லிமீற்றர் என்றால் பிளவு 50 மைக்ரோமீற்றர். 104 என்றால் 25. லேசரைக் கண்ணுக்கு நேரே ஒருபோதும் பிடிக்காதீர்கள்.

பெட்டி வளையும்

ஒளியியலில் கெட்டிக்காரராக இருப்பவர்கள்கூடப் பெட்டியைக் கடைசியில் யோசிக்கிறார்கள். என் கருத்தில் கருவியின் தரத்தைத் தீர்மானிப்பது பெட்டிதான். தொலைகாட்டி ஒரு பொருளைப் பின்தொடர்ந்து திரும்பும்போது, அதில் தொங்கும் கருவியின்மேல் புவியீர்ப்பின் திசை மாறிக்கொண்டே இருக்கும். கமரா நுனி மயிரளவு தாழும். நம் மாதிரியில் பிக்சல் 4 மைக்ரோமீற்றர், அதாவது 0.12 நனோமீற்றர். நிறமாலை ஒரே ஒரு பிக்சல் நகர்ந்தால், 589 நனோமீற்றரில் அது செக்கனுக்கு 60 கிலோமீற்றர் பொய் வேகமாகத் தெரியும். பூமி சூரியனைச் சுற்றும் வேகமே செக்கனுக்கு 30 கிலோமீற்றர்தான்.

பெட்டிக்கு 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டை எடுங்கள். நீளத்தைக் குறைத்து, மூலைகளுக்கு முக்கோணத் தாங்கி வையுங்கள். துளைகளையும் வில்லை வளையங்களையும் லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். படத்தை மில்லிமீற்றரில், எந்த அளவில் எவ்வளவு தளர்வு பரவாயில்லை என்று குறித்துக் கொடுங்கள். அந்தத் தளர்வை எழுதுவதுதான் பொறியியல். பட்டறை ஐயாவிடம் ஏன் இந்த அளவு முக்கியம் என்று விளக்கினால், நீங்கள் நினைக்காத வழியை அவர் சொல்லுவார்.

வளைவைச் சோதிப்பது எளிது. பெட்டியை ஒரு பலகையில் இறுக்கி, நியன் விளக்கைக் காட்டி, பலகையை 0, 15, 30 என்று 60 பாகைவரை சாய்த்து ஒவ்வொரு சாய்விலும் படம் எடுங்கள். கோட்டின் மையம் எத்தனை பிக்சல் நகர்ந்தது என்று வரைபு கீறுங்கள். பெரிய கருவிகளையும் மலைக்கு அனுப்புமுன் திருப்பித் திருப்பி இப்படித்தான் சோதிக்கிறார்கள். நகர்வு அரைப் பிக்சலுக்குள் வரும்வரை பெட்டியைத் திருத்துங்கள்.

வெப்பத்தையும் மறக்கவேண்டாம். அலுமினியம் ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு, 23 மைக்ரோமீற்றர் நீளும். 20 சென்ரிமீற்றர்ப் பெட்டி, பகலுக்கும் இரவுக்கும் 7 பாகை வித்தியாசம் என்றால் 32 மைக்ரோமீற்றர். அது முழுவதும் கமராக் குவியத்தில் விழுந்தால், எஃப் 2.5 கற்றையில் 13 மைக்ரோமீற்றர் மங்கல், பிளவின் விம்பம் அளவுக்கே. ஆகவே ஒவ்வொரு இரவும் கருவியை ஒரு மணி நேரம் வெளியில் ஆறவிட்டுக் குவியத்தைத் திரும்பச் சரிபாருங்கள்.

உள்ளே கறுப்பு வெல்வெற் துணி ஒட்டுங்கள். நம் ஊர் ஈரப்பதனில் வில்லைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பை போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். கடற்கரைக்குக் கொண்டுபோனால் வந்தவுடன் வெளி உலோகத்தைத் துடைத்துவிடுங்கள்.

அளவுத்திருத்தம்

படத்தில் 1240ஆம் பிக்சலில் ஒரு கோடு என்பது மட்டும் எதையும் சொல்லாது. அது எந்த அலைநீளம் என்று தெரியவேண்டும். அதற்குத் தெரிந்த ஒளிமூலங்கள் வேண்டும். வீட்டு ரியூப்லைட்டில் உள்ள இரசம் 404.7, 435.8, 546.1, 577.0, 579.1 நனோமீற்றரில் கோடு தரும். மின்சார வேலைக்காரர் வைத்திருக்கும் ரெஸ்ரரின் உள்ளே இருப்பது நியன் விளக்கு; அதே வகைச் சிறு காட்டி விளக்கு, தடையோடு சேர்த்துக் கடைகளில் கிடைக்கும். 585.2, 640.2 இரண்டும் அதில் தெளிவாகத் தெரியும். வீட்டு மின்சாரத்தில் இணைக்கும் வேலையைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்விக்கவேண்டும். சோடியத்துக்கு ஆனையிறவு உப்பைக் கம்பி நுனியில் எடுத்து, வெளிறிய நீலச் சுவாலையில் பிடியுங்கள்.

பிக்சலையும் அலைநீளத்தையும் வரைபில் குறித்து, மூன்றாம் படிப் பல்லுறுப்பி ஒன்றைப் பைத்தனில் பொருத்துங்கள். ஒவ்வொரு கோடும் வளையியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அட்டவணை போடுங்கள். பிக்சலின் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால் நல்ல வேலை. ஒரு கோடு மட்டும் தனியே விலகி நின்றால் அதைத் தூக்கி எறியாமல், வேறு கோட்டின் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

உணரி தானாகச் சேர்ப்பதைக் கழிக்கவும் அதன் சீரின்மையைத் திருத்தவும் இன்னும் மூன்று வகைப் படங்கள் வேண்டும்: கமராவை மூடி மிகக் குறுகிய நேரத்தில் எடுப்பது, மூடி நீண்ட நேரம் எடுப்பது, சீரான வெள்ளை ஒளியில் எடுப்பது. பெரிய தொலைகாட்டிகளில் நீண்ட மூடிய படத்தின் தேவை குறைவு. உணரியைச் சுழியத்துக்குக் கீழ் 100 பாகை அளவுக்கோ அதற்கும் கீழேயோ குளிரூட்டி வைத்திருப்பார்கள். நம் இரவு வெப்பத்தில் அந்த நீண்ட மூடிய படம் கட்டாயம்.

வானத்துக்குக் கொண்டுபோதல்

முதல் வான நிறமாலையைப் பகலிலேயே எடுக்கலாம். பிளவை நீல வானத்தின் பக்கம் திருப்புங்கள். சூரியனை நோக்கி வேண்டாம், தொலைகாட்டியோடு ஒருபோதும் வேண்டாம். சிதறி வரும் ஒளியும் சூரிய ஒளிதான். ஐதரசனின் 656.3, 486.1, சோடியச் சோடி, 517 அருகே மக்னீசியத்தின் மூன்று கோடுகள் எல்லாம் கறுப்பாக நிற்கும். 687 அருகே தெரியும் பட்டை சூரியனுடையது அல்ல, நம் தலைக்குமேலுள்ள ஒட்சிசனுடையது.

இரவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், தை முதல் பங்குனி வரை நல்ல காலம். சோளகம் வீசத் தொடங்கினால் நீளமான தொலைகாட்டி நடுங்கிக்கொண்டே இருக்கும். நகர வெளிச்சத்தை விட்டு மணற்காடு, நெடுந்தீவு போன்ற இடங்களுக்குப் போகலாம். ஆனால் முதல் இலக்குகள் வீட்டு முற்றத்திலிருந்தே பிரகாசமாகத் தெரியும். சிரியஸில் ஐதரசன் கோடுகள் ஆழமாகவும் ஒழுங்காகவும் இறங்கும். திருவாதிரையில் தைத்தேனியம் ஒட்சைட்டின் அகன்ற பட்டைகள் சிவப்புப் பக்கத்தைப் படிப்படியாக வெட்டியிருக்கும். மேலே எழுதிய கேள்விக்கு விடை இந்த இரண்டு படங்களில் இருக்கிறது.

அடுத்து எடுக்கவேண்டியது வேலா கூட்டத்தின் காமா. உல்ஃப்-ரயே விண்மீன்களில், அதாவது தம் வெளிப்பொருளை வேகமாக வீசியெறியும் மிகச் சூடான விண்மீன்களில், வெறுங்கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது அதுதான். 465, 580 நனோமீற்றர் அருகே காபனின் கோடுகள் கறுப்பாக அல்லாமல் ஒளிர்ந்து எழுந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் அது தெற்கே 33 பாகை உயரத்துக்கு வரும். தேவஸ்தலில் 13 பாகைதான். பெப்ரவரி, மார்ச் மாலைகளில் பாருங்கள். தாழ்வான பொருளை எடுக்கும்போது பிளவை நிலைக்குத்தாகத் திருப்பிவையுங்கள். வளிமண்டலம் அரியம்போல நீலத்தையும் சிவப்பையும் மேல்கீழாகப் பிரிப்பதால், கிடையாக வைத்த பிளவில் ஒரு நிறம் மட்டும் நுழைந்து மற்றது வெளியே நின்றுவிடும்.

எழுதி வைப்பதும் அடுத்த படியும்

பெரிய கருவித் திட்டம் ஒவ்வொன்றும் கருத்துநிலை, முதல்நிலை, இறுதிநிலை என்று வடிவமைப்பு மதிப்பாய்வுகளைத் தாண்டித்தான் உலோகத்தை வெட்டுகிறது. வெளியாட்கள் வந்திருந்து, இந்தப் பெறுமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நீங்களும் உங்கள் ஆசிரியரையோ சிநேகிதரையோ இருத்தி, கணக்குத் தாளைக் காட்டிக் கேள்வி கேட்க வையுங்கள். திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்திலோ படிப்பவர்கள் இதைத் தம் செயற்றிட்டமாகவே எடுக்கலாம். மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்திடம் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. தமிழ்நாட்டில் காவலூரில் 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டி 1986இலிருந்து இயங்குகிறது. இப்படியான இடங்களுக்குப் பயிற்சி கேட்டு எழுதும்போது, வளைவுச் சோதனை வரைபையும் அளவுத்திருத்த விலகல் அட்டவணையையும் இணையுங்கள். பரீட்சைப் பெறுபேறு சொல்லாத ஒன்றை அவை சொல்லும்.

இதுவரை செய்தது நிறமாலைக் கருவி. அதே நேர்கோட்டுப் பாதையில் படமும் எடுக்க வேண்டுமென்றால் கிரேற்றிங்கோடு ஓர் அரியத்தை ஒட்டவேண்டும். நடு அலைநீளம் விலகாமல் நேரே போகும். அரியத்தின் முறிவுச் சுட்டியில் ஒன்றைக் கழித்து, அரியக் கோணத்தின் சைனால் பெருக்கினால், அலைநீளத்தைக் கோட்டிடைவெளியால் பிரித்த பெறுமானம் வரவேண்டும். 300 கோட்டுக் கிரேற்றிங்குக்கும் 550 நனோமீற்றருக்கும் கண்ணாடி அரியம் என்றால் 18.5 பாகை. அப்படி வெட்டிய கண்ணாடி கிடைப்பது கடினம். தண்ணீரின் முறிவுச் சுட்டி 1.33; கோணம் 30 பாகைக்கு மிக அருகே வருகிறது. பாடசாலை ஆய்வுகூடத்தின் நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தட்டுகள் இரண்டை 30 பாகையில் சாய்த்துச் சிலிக்கனால் ஒட்டி, தண்ணீர் நிரப்பி, கிரேற்றிங்கைச் சாய்ந்த முகத்தில் ஒட்டுங்கள். தட்டின் அகலம் 25 மில்லிமீற்றர்; சாய்ந்த முகத்தில் நம் கற்றைக்கு 23 வேண்டும், அடங்கும். கமராவின் 19 பாகைச் சாய்வை நேராக்கி, இந்த நீர் அரியத்தையும் பிளவையும் உள்ளே தள்ளி வெளியே இழுக்கக்கூடிய இரண்டு தண்டவாளங்களைப் பெட்டியில் பூட்டுங்கள். இழுத்தால் படம், தள்ளினால் நிறமாலை.